வீட்டுக்குள் ஒரு வரலாறு – 9: கவர்னர் வீடு மாறினார்

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் ஒப்பந்தம் போட்டதையும், தரங்கம்பாடிக் கடற்கரையில் டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியதையும் முன்பே பார்த்தோம். கம்பெனி மாறிக் கம்பெனி வந்து நொடித்ததும், 1777-ல் டென்மார்க் அரசரே ஊரை நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் சென்ற வாரக் கதை.

இதுவரை நாம் பார்த்ததெல்லாம் மிளகு மூட்டை, துணிக் கட்டு, பீரங்கி, கப்பல். இந்த வாரம் ஒரு வாசற்படி.

*

1784.

தரங்கம்பாடியின் டேனிஷ் கவர்னர் கோட்டையை விட்டு வெளியே வந்தார். போருக்கும் போகவில்லை, ஊர் திரும்பவும் இல்லை. எதிர்ப்புறம், மைதானத்தைத் தாண்டி நூறு இருநூறு தப்படி தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக்குக் குடிபோனார். சட்டி, பானை, கட்டில், மேசை எல்லாம் கூடவே போயின.

நூற்று அறுபது வருடத்துக்கும் மேலாகக் கோட்டைதான் அதிகாரம் குடியிருந்த இடம். கீழ்த்தளம் சரக்கு அறையும் வெடிமருந்துக் கிடங்கும். மேல்தளத்தில் கவர்னர், மூத்த வணிகர், பாதிரியார் எல்லோருக்கும் அறை; தொடக்க காலத்தில் தேவாலயம்கூட அங்கேதான். தலைக்கு மேல் ஜெபம், காலடியில் வெடிமருந்து. கவர்னரின் படுக்கையறைக்கும் சிப்பாயின் சத்தத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

அப்படி வாழ்ந்தவர்கள் தங்களைப் பண்டகசாலைக் காவலர்களாக நினைத்தார்கள். வந்தோம், சம்பாதித்தோம், உயிர் தப்பினால் ஊர் திரும்புவோம் என்ற நினைப்பு. எதிரே தனி வீட்டுக்குக் குடிபோகிறவரின் நினைப்பு வேறு. அவருக்குத் திரை வேண்டும், விருந்து மேசை வேண்டும், வருகிறவர்கள் காத்திருக்க ஒரு கூடம் வேண்டும். தன்னைப் பார்க்க வருகிறவர் எந்த வாசல் வரை வரலாம், எந்த அறை வரை வரலாம் என்ற கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைத்தான் இந்த அத்தியாயம் பின்தொடர்கிறது. ஒப்பந்தம், படையெடுப்பு, வரி பற்றியெல்லாம் எழுதியவர்கள் நிறைய. ஒரு காலனி ஊரில் நடுத்தரமான ஒரு குடும்பம் எப்படிக் கௌரவமாக வாழ முயன்றது, அதற்கு யார் உழைத்தார்கள் என்பதும் அதே அளவுக்கு வரலாறு. தமிழில் நாம் அதைக் கேட்டது குறைவு.

*

முதலில் பணம். வீடு கட்டக் காசு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1775-ல் தொடங்கிய அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1778 முதல் பிரான்ஸும், பிறகு ஸ்பெயினும் ஹாலந்தும் பிரிட்டனுக்கு எதிராக இறங்கின. சோழமண்டலக் கடலில் ஆங்கிலேயர் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடிப்பார். பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் பிடிப்பார். யார் பக்கமும் சேராத டென்மார்க்கின் கொடி பறக்கிற கப்பல் மட்டும் ஓரளவு நிம்மதியாகப் போய்வந்தது.

இன்னொன்றும் இருந்தது. வங்காளத்திலும் மெட்ராஸிலும் லஞ்சமாகவும் தனி வியாபாரத்திலும் பணம் குவித்த ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகளுக்கு அதைச் சத்தமில்லாமல் ஐரோப்பாவுக்கு அனுப்ப ஒரு வழி வேண்டியிருந்தது. டேனிஷ் கப்பல் அந்த வழியானது. அவர்கள் பணத்தில் சரக்கு ஏறும்; கோபன்ஹேகனில் விற்கும்; பணம் லண்டன் போய்ச் சேரும். நடுவில் நின்ற தரங்கம்பாடி வணிகருக்குத் தரகு.

சம்பளம் சொற்பம்தான். கணக்கர், உதவி வணிகர், மருத்துவர், கப்பல் தலைவர், பாதிரியார் என்று ஊரில் இருந்த ஐரோப்பியர் சில நூறு பேர். ஆனால் அந்தச் சில வருடங்களில் தனி வியாபாரம் செய்தவர் கையில் காசு புரண்டது. காசு வந்ததும் கிங்ஸ் தெருவிலும் குயின்ஸ் தெருவிலும் வீடுகளின் முகம் மாறியது. தூண் வைத்த வராந்தா வந்தது. கூரை உயர்ந்தது.

இந்த முகத்தைப் பார்த்தால் கோபன்ஹேகன் நினைவுக்கு வருவதைவிட மெட்ராஸ் தோட்ட வீடுகள்தாம் நினைவுக்கு வரும். ஆங்கிலேயரோடு கூட்டு வியாபாரம் செய்தவர்கள் ஆங்கிலேயர் மாதிரியே உட்காரவும் உண்ணவும் பழகினார்கள். 1788-ல் கவர்னராக வந்த நார்வேக்காரர் பீட்டர் ஆங்கர், அதற்கு முன் இங்கிலாந்தில் டென்மார்க்கின் தூதரக அதிகாரியாக இருந்தவர். ஓவியமும் தீட்டுவார். இந்தச் சீமையில் அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்களும் திரட்டிய சிலைகளும் பின்னாளில் ஆஸ்லோவின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1806 வரை பதினெட்டு வருடம் ஆண்ட அவருடைய காலம்தான் தரங்கம்பாடி நாகரிகத்தின் உச்சம்.

*

அந்த வீடுகளைக் கட்டியவர்கள் யார்? நம் கொத்தனார்கள், நம் ஆசாரிகள்.

சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழுது படாத இடத்தில் அது பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மணலோடு நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பூச்சு ஏறும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு. அது காயும் முன்பே வழவழப்பான கல்லைக் கொண்டு கை ஓயாமல் தேய்க்க வேண்டும். பக்கத்துச் சித்தாள் தேய்ப்பதை நிறுத்தினால் அந்த இடம் மட்டும் மங்கிவிடும். ஐரோப்பிய விருந்தினர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வியந்து பார்த்த பளபளப்பு அந்தத் தேய்ப்பில் வந்தது.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக, குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிக் கெட்டிப்பது. நாற்காலியும் இங்கேதான் ஆயிற்று. ஐரோப்பாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து நம் ஆசாரி தேக்கிலும் கருங்காலியிலும் செய்தார். மெத்தை தைத்த இருக்கை இந்த வெயிலுக்கு ஒத்துவராது என்று பிரம்பு பின்னினார். ஐரோப்பியக் கௌரவம் உட்கார்ந்தது தஞ்சைச் சீமையின் பிரம்பில்.

சமையல் மட்டும் வீட்டுக்குள் நுழையவில்லை. புகையும் நெருப்பும் மசாலா வாசனையும் கொல்லைப்பக்கம் தனிக்கட்டாக ஒதுங்கின. முன்வாசலில் தூண், பின்வாசலில் அடுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இருபது முப்பது அடி தூரத்தில்தான் அந்த ஊரின் முழுச் சமூகமும் நடமாடியது.

*

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது?

பெரும்பாலும் சாவின் வழியாக. வெப்பமும் காய்ச்சலும் ஐரோப்பியரை அள்ளிக்கொண்டு போன காலம். ஒருவர் கண்ணை மூடியதும் டேனிஷ் சட்டப்படி அதிகாரிகள் வந்து சொத்துக்கு முத்திரை வைப்பார்கள். பிறகு எழுத்தர் உட்கார்ந்து பட்டியல் எடுப்பார்: மேசை, நாற்காலி, நிலைக்கண்ணாடி, விளக்கு, வெள்ளிக் கரண்டி, சீனப் பீங்கான், சட்டமிட்ட படம், புத்தகம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு. அப்புறம் ஏலம், கடன்காரருக்கும் வாரிசுக்கும் பங்கு. அந்தப் பதிவுகள் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மன் வரலாற்றாசிரியர் மார்ட்டின் க்ரீகர் போன்றவர்கள் இந்தப் பட்டியல்களை ஊன்றிப் படித்து, 1800-ஐ ஒட்டிய தரங்கம்பாடி வீடுகளின் உட்புறத்தை நம் கண்முன் கொண்டுவந்திருக்கிறார்கள்.

கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களைக் கூடத்தில் பரப்பி வைத்து, எண்ணி, நோட்டில் எழுதுவதை நினைத்துக்கொண்டால் இந்தப் பட்டியலின் பலம் புரியும். குத்துவிளக்கு எத்தனை, குடம் எத்தனை என்று படிக்கும்போதே அந்த வீட்டின் வசதி, ஆசை, மற்றவர் பார்வைக்கு அஞ்சிய அச்சம் எல்லாம் வெளியே வந்துவிடும். சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு மாதிரியான நம் ஊர்களில் பரண்மேல் கிடக்கிற பித்தளை அண்டாவின் கழுத்தில் பாட்டியின் பேரும் தேதியும் வெட்டியிருக்கிறதே, அதுவும் ஆவணம்தான்.

ஆனால் பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. விலை போகிற பொருளைத்தான் எழுத்தர் எழுதுவார். உடைந்த கோப்பையை எழுத மாட்டார். மண்சட்டியை எழுத மாட்டார்.

*

உடைந்ததைப் படிக்கத்தான் தொல்லியல்.

கோட்டை, கோயில், கல்லறை என்று தோண்டிக்கொண்டிருந்த தொல்லியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் டீட்ஸ் 1977-ல், மறந்துபோன சின்னச் சின்னப் பொருள்களே சாமானியரின் வரலாறு என்று ஒரு புத்தகம் எழுதினார். 1982-ல் ரிச்சர்ட் வில்க், வில்லியம் ராத்ஜே என்ற இருவர் இந்தத் துறைக்கு வீட்டுத் தொல்லியல் என்றே பெயர் வைத்தார்கள். குப்பைக்குழி, பாழுங்கிணறு, கழிப்பிடம் மூன்றும் அவர்களுக்குப் பொக்கிஷ அறைகள்.

ஒரு பீங்கான் சில்லு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரல் நகம் அளவுதான். உடைந்த விளிம்பைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இறுகி மினுமினுத்தால் சீனப் பீங்கான். சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்து நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொண்டால் இங்கிலாந்து மண்பாண்டம். அடிவளையத்தின் மூலையில் மெருகு தேங்கிய இடம் மஞ்சளும் பச்சையுமாகத் தெரிந்தால் 1760-களில் பெயர் வாங்கிய பாலாடை நிறப் பாத்திரம். நீலச் சாயல் காட்டினால் 1770-களின் கடைசிக்குப் பிறகு வந்தது. பூ வேலையை உற்றுப் பாருங்கள். தூரிகை இழுத்த இடத்தில் மை தடித்தும் மெலிந்தும் ஓடும். அச்சுத்தாளில் இருந்து ஒட்டியெடுத்த பூவாக இருந்தால், தாளின் இரண்டு ஓரமும் சந்திக்கிற இடத்தில் கொடி ஒன்று பாதியில் வெட்டுப்பட்டு அடுத்த பூவின் மேல் ஏறி நிற்கும்.

ஒரே குழியில் ஒரே பூ வேலை போட்ட தட்டு, கோப்பை, சாஸர் மூன்றும் கிடைத்தால் அந்த வீட்டில் செட்டாக வாங்கியிருக்கிறார்கள். விருந்தாளி வருவார் என்று வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருந்தால் ஏலத்தில் உதிரியாகப் பொறுக்கியிருக்கலாம். செட்டு வாங்க வசதி இல்லை. ஆனாலும் பீங்கானில் குடிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

இந்த ஆசை பணக்காரர் சொத்து என்று நினைத்தவர்களை 1994-ல் ஆஸ்திரேலியா திருத்தியது. சிட்னியின் ராக்ஸ் பகுதியில், சேரி என்று பேர் வாங்கிய தெருக்களைத் தோண்டியபோது லட்சக்கணக்கில் பொருள்கள் கிடைத்தன. அவற்றில் தேநீர்க் கோப்பைகளும் அலங்காரப் பொம்மைகளும் தாராளமாக இருந்தன. குற்றவாளிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மேசை விரித்து, அழகாகச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மேல்தட்டினர் எழுதிவைத்ததை அவர்கள் வீட்டுக் குப்பை மறுத்தது.

தரங்கம்பாடியின் கொல்லைகளுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும். முகப்பைப் புதுப்பிக்கிறார்கள், நல்ல வேலை. கவர்னர் வீட்டை டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் தமிழக அரசும் சேர்ந்து பாழிலிருந்து மீட்டிருப்பது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பொற்கொல்லர் தெருவின் திண்ணை வீடுகள் சிலவும் இன்டாக் அமைப்பின் முயற்சியில் உயிர் பெற்றன. தூணுக்குக் கிடைக்கிற இந்தக் கவனம் அடுப்படிக்கும் கிடைக்க வேண்டும். கடல் இந்த ஊரை வருடா வருடம் தின்கிறது. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே அது கொண்டுபோய்விட்டது. செப்டிக் டேங்க் தோண்டும் மண்வெட்டியும் மிச்சத்தை விடாது.

*

கொல்லைக்கு ஏன் இத்தனை வாதாட வேண்டும்? ஏனென்றால் அந்த வீடுகளில் பெரும்பாலோர் வாழ்ந்தது அங்கேதான்.

1706 ஜூலையில் புராட்டஸ்டண்ட் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டு மே 12-ல் அவருடைய மிஷன் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐந்து பேருக்கு. ஐந்து பேரும் டேனிஷ் எஜமானர்களின் வீட்டு அடிமைகள். புராட்டஸ்டண்ட் சரித்திரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் அந்த நாள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: ஒரு சின்ன ஊரின் ஐரோப்பிய வீடுகளில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் போர்த்துக்கீசியம். டேனிஷ் எஜமானி, தமிழ்ச் சமையல்காரர், எங்கிருந்தோ விற்கப்பட்டு வந்த பிள்ளை எல்லோருக்கும் பொதுவாக இருந்த வீட்டு மொழி அது. அதனால்தான் மிஷன் தமிழோடு போர்த்துக்கீசியத்திலும் பள்ளி நடத்தியது.

இறந்தவரின் சொத்துப் பட்டியலில் நாற்காலிக்கும் வெள்ளிக்கும் விலை போட்ட அதே எழுத்தர், அடிமைக்கும் விலை போட்டார்.

1792-ல் டென்மார்க் அரசர் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டார். அது 1803-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தரங்கம்பாடியின் நகர வாசலில் நாம் இன்று படிக்கிற ஆண்டும் அதே 1792. வெள்ளை வெளேரென்ற அந்த வாசலில் நுழைந்து கிங்ஸ் தெருவில் நடந்த சீமாட்டியின் குடையைப் பிடித்து வந்தது யார், அவள் உடையை வெளுத்தது யார், தண்ணீர் சுமந்தது யார் என்று கேட்காமல் அந்தக் காலத்து நாகரிகத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது பாதி உண்மைதான்.

இந்த நாகரிகம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1762 நவம்பரில் தரங்கம்பாடியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் கேத்தரின் என்ற பெண் பிறந்தாள். பதினைந்து வயதுகூட நிரம்பாமல் 1777-ல் வங்காளத்தில் ஓர் ஆங்கிலக் கம்பெனி அதிகாரிக்கு மனைவியானாள். அங்கே ஓர் ஊர்வம்பு, வழக்கு, பிறகு லண்டன், பாரிஸ். 1802-ல் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சர் தாலிராண்ட் அவளை மணந்தார். தரங்கம்பாடியில் பிறந்தவள் ஐரோப்பாவின் இளவரசிகள் வரிசையில் உட்கார்ந்தாள்.

*

பிறகு அடி விழுந்தது.

எந்தப் போர் பணம் கொடுத்ததோ, அதே மாதிரிப் போர் பணத்தைப் பறித்தது. டென்மார்க் பிரிட்டனோடு மோத நேர்ந்ததும் நடுநிலைக் கொடிக்கு மதிப்பில்லை. 1801-ல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைப் பிடித்து, அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். 1807-ல் கோபன்ஹேகன் மேல் குண்டு விழுந்தது. 1808-ல் மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை 1815 வரை விடவில்லை. நடுவில் 1813-ல் டேனிஷ் அரசே திவாலானது. 1814-ல் நார்வே கைநழுவியது.

கொடி திரும்பவும் ஏறியபோது கப்பல்கள் திரும்பவில்லை. லங்காஷயரின் ஆலைத்துணி உலகச் சந்தையை நிரப்பிக்கொண்டிருந்தது. சோழமண்டலத் துணிக்காகக் காத்திருந்த கப்பலுக்கு வேலை இல்லை.

ஆனால் வீடுகள் இருந்தன. சில அதிகாரிகளும் விதவைகளும் ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள். வருமானம் வற்றிய பிறகும் மேசை விரிப்பு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சீயோன் தேவாலயத்துக்குப் போக நல்ல உடுப்பு வேண்டும். சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை முன்பக்கம் மட்டும் பூசிக்கொண்டு பின்கட்டை அப்படியே விட்டுவிடுகிற குடும்பங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் மேல் இரக்கம்தான் வரும். ஒவ்வொரு சாவுக்கும் ஓர் ஏலம். ஒரு வீட்டு நிலைக்கண்ணாடி அடுத்த வீட்டுக்குப் போகும். ஊருக்குள் பொருள் சுற்றியது, புதிதாக வருவது நின்றது.

1845 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தரங்கம்பாடி, வங்காளத்தின் செராம்பூர் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு டென்மார்க் விற்றது. உலகைச் சுற்ற ஜூனில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட காலத்தேயா கப்பலின் வேலைகளில் ஒன்று இந்தக் கைமாற்றத்தை நடத்திவைப்பது. கடைசி கவர்னர் பேடர் ஹான்சன். நவம்பர் 7-ல் டேனிஷ் கொடி இறங்கியது.

கோட்டையைக் கணக்கில் சேர்த்தார்கள். தெருவைச் சேர்த்தார்கள். தனியார் வீடுகள் அவரவர் சொத்தாகவே நின்றன. சிலர் இருந்தார்கள், பலர் விற்றுவிட்டுப் போனார்கள். சில வருடம் தஞ்சை மாவட்ட ஆட்சியே இங்கிருந்து நடந்தது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது.

அந்த இடைவெளியில்தான் வேறொருவர் ஊருக்குள் வருகிறார். ஆங்கிலம் படித்த தமிழர். நீதிமன்ற உத்தியோகம். தரங்கம்பாடியில் முன்சீப் வேலை பார்த்து, பிறகு மாயூரம் போய், 1879-ல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை அச்சில் கொண்டுவந்த வேதநாயகம் பிள்ளை. அவரைப் போன்ற ஒரு புதிய தமிழ் நடுத்தர வர்க்கம் மாவட்டம் மாவட்டமாக எழுந்துகொண்டிருந்தது. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-லேயே கலெக்டர் பென்னிங்டன் பெயரில் ஒரு நூலகம் திறந்தாயிற்று.

வெள்ளைக்காரர் காலி செய்த கூடத்தில் இந்தப் புதியவர்கள் எதை வைத்துக்கொண்டார்கள்? எதை வெளியே போட்டார்கள்? மேசை உள்ளே வந்தபோது திண்ணை என்ன ஆயிற்று? கொல்லையில் இருந்தவர்கள் முன்வாசலுக்கு வந்தார்களா?

(அடுத்த வாரம்: முன்சீப் வீட்டுக் கூடம்)